வெள்ளிக்கிழமை வந்தவர்கள்

"ரோட்டுப் பக்கம் வேண்டாங்க. எல்லா ரூமும் பின்பக்கமா இருக்கட்டும்."

"பின்னாடி தானியக் கிடங்கு சத்தம் கேக்கும். அறுவடை நேரம், ராத்திரி பூரா ஓடும்."

"பரவாயில்லை. எங்க ஆளுங்க தூங்கப் போறதில்லை" என்றவள், சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் ஒரு கணம் நின்று சிரித்தாள். "சீக்கிரம் தூங்க மாட்டாங்கன்னு சொல்ல வந்தேன்."

மர்லிஸ் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து மோட்டலின் வரவேற்பு மேசைமேல் வைத்தாள். பதிவேட்டில் ரீட்டா ஹாலோவே என்று கையெழுத்திட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நில அளவைக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தும் தனியாகவும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் உரக்கப் பேசவில்லை. மர்லிஸ் அவர்களுடைய காலணிகளைப் பார்த்தாள். நிலம் அளக்க வருகிறவர்களை அவள் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். நெப்ராஸ்காவின் கருமண்ணை வரவேற்பறைக் கம்பளத்தில் அப்பிவிட்டு, அதற்காக மன்னிப்பும் கேட்டுவிட்டு, குளிரூட்டிப் பெட்டியிலிருந்து பீர் கேன்களை இறக்குகிறவர்கள் அவர்கள். இவர்களுடைய காலணிகள் கம்பளத்தில் மட்டுமே நடந்து பழகியவை. இறக்கியதோ பிரிண்டர்கள், காகிதக் கட்டுகள், சுருட்டிய மின்கம்பிகள். வெளிமாநிலக் கார்களைத் துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் கொண்டுபோய், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி நிறுத்தினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞன் மட்டும் வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் முப்பது பீட்சா கொடுக்கக்கூடிய கடை ஊரில் இருக்கிறதா என்று கேட்டான். முன்கூட்டிச் சொல்லிவைக்கட்டுமா என்றாள் மர்லிஸ். "ஐயோ, இப்ப வேண்டாம். அஞ்சு மணிக்கு மேல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்குக் கானி சொன்னது ஞாபகம் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கானி இதே வேலை பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கணினிப் பயிற்சிக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் அவளுடைய மோட்டலில் இறங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்து கிளம்பினார்கள். திங்கட்கிழமை காலையில் ஊர் வங்கியின் கல்லில் செதுக்கிய பெயருக்கு மேலே வேறொரு பெயர் எழுதிய துணி கட்டியிருந்தது. வந்தவர்கள், நொடித்துப்போன வங்கியை மூட வந்த அரசாங்க ஆட்கள். அதை வேடிக்கைக் கதையாகத்தான் கானி சொன்னாள், மர்லிஸின் சமையலறையில் பூசணி இனிப்பு தின்றுகொண்டே. "பேங்க்கு சாகறது எப்பவும் வெள்ளிக்கிழமைதான்டி. சனி ஞாயிறுல அடக்கம் பண்ணி, திங்கக்கிழமை வேற பேர்ல எழுப்பி உக்கார வெச்சுடுவாங்க." அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இந்த ஊரில் இருப்பது ஒரே வங்கி.

மர்லிஸுக்குக் காது மடல்கள் சில்லிட்டன. பயம் அவளுக்கு எப்போதும் அங்கேதான் முதலில் வரும். ஜன்னல் வழியாகத் தெரிந்த வெயில், கொடிக்கம்பம், எதிர்ப்பக்கத்து எரிபொருள் நிலையத்தில் காருக்குள் குழந்தையை அதட்டும் பெண், எல்லாம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்துவைத்திருக்கும் படம்போல இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. தனக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும் என்று மர்லிஸுக்கு இருந்தது. அடுத்த நினைப்பு அண்ணன்.

டுவேன் அவளைவிடப் பதினான்கு வயது பெரியவன். அப்பா இறந்த பிறகு அவளை லாரியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன், தலை பின்னத் தெரியாமல் மாட்டுக்குக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கிவிட்டவன். இரண்டு முழங்காலும் போய், பனிக்காலத்தில் மனைவி ஓப்பலும் போய், இந்த இலையுதிர் காலத்தில் நிலத்தை ஏலத்தில் விட்டுவிட்டான். நாலு லட்சத்து அறுபதாயிரம் டாலர். இனி உயிரோடு இருக்கும் வருடங்களுக்கெல்லாம் அவனிடம் இருப்பது அதுதான். ஏலக்காரரிடம் காசோலையை இன்று மத்தியானம் வாங்கிக்கொள்வதாக இருந்தது. நேற்று சீட்டாட்டத்தில் வங்கித் தலைவர் ஹார்லன் சொன்னது மர்லிஸின் காதில் இப்போது மறுபடி ஒலித்தது. "நாளைக்கே கொண்டாந்து போட்டுடு, டுவேன். அவ்வளவு பெரிய செக்கை வெச்சிக்கிட்டு சனி ஞாயிறு எப்படித் தூங்குவே?"

அரசாங்கக் காப்பீடு ஒரு ஆளுக்கு இரண்டரை லட்சம் வரைக்கும்தானே என்று டுவேன் கேட்டான். ஹார்லன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க அக்கவுண்ட்ல ரெண்டு பேரு இருக்கே. ரெண்டு பேருக்கு அஞ்சு லட்சம். முழுசும் பத்திரம்." காசோலைப் புத்தகத்தில் இன்னும் 'டுவேன், ஓப்பல்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. அவள் பெயரை எடுக்க அவன் விடவில்லை. "பாத்தியா மர்லி, போன பிறகும் எனக்குக் காவல் இருக்கா" என்று அவன் சிரித்தான். ஓப்பலின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் ஹார்லனும் ஒருவர். ஆட்டம் முடிந்து சீட்டுகளை அடுக்கும்போது அவர் தொட்டவை மட்டும் ஈரமாக இருந்தன. பீர் கோப்பையின் ஈரம் என்று மர்லிஸ் நினைத்தாள்.

துவாலைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ரீட்டா கதவை முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே கட்டில்மேல் நீலக் கோப்புகள் கிடந்தன.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? பேங்க் விஷயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

ரீட்டா துவாலைகளை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். "நான் நிலம் அளக்கறவ."

"தெரியும். சும்மா கேக்கறேன். ஒரு அக்கவுண்ட்ல புருஷன் பேரும் பொண்டாட்டி பேரும் இருக்கு. அவ இறந்துட்டா. பேரை எடுக்கலை. காப்பீடு ரெண்டு பேருக்கும் உண்டுதானே?"

வராந்தாவின் கோடியில் பனிக்கட்டி இயந்திரம் கடகடவென்று கட்டிகளைக் கொட்டிவிட்டு அமைதியானது.

"எப்போ இறந்தாங்க?"

"பிப்ரவரில."

இப்போது அக்டோபர். ரீட்டா மனத்துக்குள் கணக்குப் போட்டதை மர்லிஸ் பார்த்தாள். பிறகு அவள், எங்கோ பலமுறை பலரிடம் சொல்லிப் பழகிய குரலில், மெதுவாகச் சொன்னாள். "ஆறு மாசம் வரைக்கும் இறந்தவங்களையும் ஆளாக் கணக்கு வெப்பாங்க. அதுக்கு மேல பேரு இருந்தாலும் ஆளு இல்லை. ஒருத்தருக்கு உண்டானதுதான்."

"மீதிப் பணம்?"

"மீதிக்கு ஒரு சீட்டு குடுப்பாங்க. பேங்க்கோட சொத்தையெல்லாம் வித்து, வந்ததுல ஒரு பங்கு. வரலாம். வருஷக்கணக்கா வராமலும் இருக்கலாம்."

"அப்படின்னா இன்னிக்கு..." என்று ஆரம்பித்த மர்லிஸ் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னு நான் கேக்கலை" என்றாள் ரீட்டா. கதவின் விளிம்பில் இருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், மர்லிஸ். போன வருஷம் வேற ஒரு ஊரு. முடி வெட்டற கடையில யாரோ ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. அத்தனை பேரும் சின்னச் சின்னத் தொகை வெச்சிருந்தவங்க, ஒரு செண்ட் போயிருக்காது. ஆனா மூணு மணிக்கெல்லாம் பேங்க் கதவுகிட்ட கூட்டம். ஒரு வயசானவர் கீழ விழுந்தார். எழுந்திருக்க விடலை." கதவைச் சாத்தும் முன், "துவாலைக்கு நன்றி" என்றாள்.

மர்லிஸ் வரவேற்பறைக்குத் திரும்பி நடந்தாள். மேசைக்குப் போய் டுவேனின் கைபேசி எண்ணை அழுத்தினாள். அது எப்போதும்போல லாரியின் பெட்டிக்குள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும் என்று தெரியும். ஆனாலும் அழுத்தினாள். ஏலக்காரரின் அலுவலகத்துக்குப் போட்டபோது, இப்பத்தாம்மா கிளம்பினார் என்றார்கள். வைத்த பிறகும் ரிசீவரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. இப்படிப் பேசியதே குற்றமோ என்னவோ. இவர்கள் வாஷிங்டனின் ஆட்கள். எந்தச் சட்டம் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்?

அவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதுமட்டும் நன்றாகத் தெரியும். டுவேன் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவரிடமே போய்க் கேட்கிறவன். அவனும் அவன் வயதுக்காரர்களும் அப்படித்தான். பின்னால் பேசுவது பெண்பிள்ளைத்தனம். நேராக வங்கிக்குப் போவான். வெள்ளிக்கிழமை, சம்பள நாள், இறைச்சித் தொழிற்சாலை ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்கு மேலாக, காற்றிலும் டிராக்டரிலும் கத்திப் பழகிய குரலில், "ஹார்லன், உன் பேங்க்கு மூழ்குதாமே, நிஜமா?" என்பான். அந்த வரிசை திரும்பிப் பார்ப்பதை மர்லிஸ் கண்டாள். கதவருகே முதியோர் இல்லத்து வண்டியிலிருந்து இறங்கும் திருமதி ஸ்வோபோடாவின் ஊன்றுகோலைக் கண்டாள்.

சொல்லாவிட்டால்? பொய் சொல்லலாம். எனக்கு நெஞ்சு வலிக்கிறது அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. ஆனால் சிறுவயதிலிருந்து அவளுடைய ஒரு பொய்கூட அவனிடம் செல்லுபடியானதில்லை. முகவாயைப் பிடித்துத் திருப்பி, சொல்லு என்பான். அவளும் சொல்லிவிடுவாள்.

சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. ரீட்டா காபி இயந்திரத்துக்கு வந்து ஒரு காகிதக் கோப்பையை நிரப்பினாள். மர்லிஸின் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் கார்க் கதவுகள் மெல்லச் சாத்தும் ஓசைகள் கேட்டன.

பச்சை லாரி சரளைக் கல்லை நெரித்துக்கொண்டு வந்து நின்றது. டுவேன் இஞ்சினை அணைக்காமலே இறங்கினான். ஓப்பலின் அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. சட்டைப் பையின் பொத்தானைப் போட்டு, அதன்மேல் கையை வைத்தபடியே, இடது காலை இழுத்து உள்ளே வந்தான்.

"என்ன புள்ள, பேயைப் பாத்த மாதிரி நிக்கறே? உன் அண்ணன்தான். குளிச்சிருக்கேன், அதான் அடையாளம் தெரியலை."

"அண்ணா" என்றாள் அவள்.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "ரூமெல்லாம் நிறைஞ்சிருக்கு போல. யாரு, கல்யாணக் கூட்டமா?"

"நிலம்... நிலம் அளக்கறவங்க."

"அளக்கட்டும். என்னுதை மட்டும் விட்டுடச் சொல்லு, அது இப்ப என்னுது இல்லை." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டு, ரீட்டாவுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான். "மேடம்." ரீட்டா தலையசைத்தாள். அவள் கறுப்புக் காபியில் எதுவும் போடவில்லை. ஆனாலும் மரக்குச்சியால் அதைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

டுவேன் மேசைமேல் குனிந்தான். குரல் இறங்கியது. அவன் குரல் இறங்கி மர்லிஸ் கேட்டது அடக்கத்தன்று ஒருமுறைதான்.

"ஏலத்துக்காரன் கையில குடுத்துட்டான். நேரா பேங்க்குக்குத்தான் போனேன் மர்லி. வாசல்ல பத்து நிமிஷம் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். இறங்க முடியலை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாடி உக்கார்ற அந்த டாம்ரா பொண்ணு கேப்பா, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமே, ஓப்பல் எங்கன்னு. கேக்க மாட்டா, தெரியும் அவளுக்கு. ஆனா அந்தக் காகிதத்துல ரெண்டாவது கோடு இருக்குல்ல, அது காலியா கிடக்குமே. எல்லாத்துக்கும் அவதானே கூட வருவா. பேனா எடுத்துக் குடுப்பா." தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தான். "ஹார்லன் ரெண்டு தடவை வெளிய வந்து பாத்துட்டுப் போனான். கை ஆட்டினான். பாவம், எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே லாரி உதறிக்கொண்டிருந்தது. அதன் மறுபக்கக் கதவை அவன் திறந்தே வைத்திருந்தான். இருக்கையில், நிலத்தை விற்ற பிறகும் எடுத்துப்போடாத ஓப்பலின் பூப்போட்ட மெத்தை, ஒரு பக்கம் அமுங்கி, மாலை வெயிலில் கிடந்தது. ரீட்டாவின் மரக்குச்சி நின்றது.

"பேங்க்கு மூட இன்னும் நேரம் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை" என்றான் டுவேன். "ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உக்காந்தா போதும். கூட வாயேன், மர்லி."