நான் அனுப்பிய கடிதம்

நான் அந்தப் படைப்பிரிவின் கிளார்க். துப்பாக்கி தூக்கியதில்லை, டைப் அடித்தேன். என் மேஜையில் ஒரு காகிதம்கூட ஒரு நாளுக்கு மேல் தங்காது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

எங்களிடம் ஒரு வழக்கம். தாக்குதலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உயிரோடு வந்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுவார்கள். ஆள் வராத கடிதம் தபாலில் போகும்.

லெப்டினன்டுக்கு இருபத்துமூன்று வயது. அப்பா இல்லை, அம்மா சைக்கிள் கடை நடத்திப் படிக்க வைத்த பிள்ளை. ஜீப் டயர் காற்றிறங்கினால் டிரைவரைத் தள்ளிவிட்டுத் தானே குந்தி உட்கார்ந்து ஒட்டுவார். அவர் முதுகுக்குப் பின்னால் 'பஞ்சர்' என்போம். காதில் விழுந்தாலும் சிரித்துக்கொள்வார்.

அன்றைய தாக்குதலிலிருந்து அவர் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பினார். ஆனால் அவருடைய சிப்பாய் ஒருவன் வயிற்றில் குண்டோடு மருத்துவக் கூடாரத்தில் கிடந்தான். அவன் பிடித்த கையை விடவில்லை. அவன் சாகும்வரை இரண்டு நாள் இவரும் நகரவில்லை. கூடாரம் என் மேஜையிலிருந்து நூறு தப்படி. எட்டிப் பார்த்திருக்கலாம். தபால் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது, அவர் கொடுத்த கடிதத்தைப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கடிதத்தைக் கேட்டு வந்தார். நான் விழித்த விழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை அடித்திருந்தால் தேவலை. வீட்டுக்குப் போன் கிடைக்கவே ஒரு வாரமானது. "அம்மா, நான்தாம்மா" என்றார். அந்தப் பக்கம் எழுந்த அலறல் எனக்கே கேட்டது.

ஒருமுறை நேரில் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று லீவு கேட்டார். மேஜர் சொன்னார்: "அதான் வீட்ல அழுது முடிச்சிட்டாங்களே. செத்தவனுக்கு எதுக்குய்யா லீவு? அடுத்த மாசம் பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லீவு மறுத்த எட்டாம் நாள் காலை, லெப்டினன்ட் பதுங்குகுழியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஷெல் விழுந்தது. வீட்டுக்கு அனுப்ப உடம்பென்று எதுவும் தேறவில்லை.

"நீ பண்ண கூத்துக்கு நீயே போய்ச் சொல்லு" என்று மேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு என்னை அனுப்பினார்.

சைக்கிள் கடையில் லெப்டினன்டின் அம்மா தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். லெப்டினன்டின் தங்கை சக்கரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன்.

"உங்க பையன் போயிட்டாரும்மா. போன செவ்வாய்க்கிழமை."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஓ, அந்த அவசரக்குடுக்கை நீதானா? போன்ல சொன்னான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாப்பா?"

"இல்லம்மா, இது நெஜம்."

"போன தடவையும் நெஜம்னு நம்பித்தான் பச்சத் தண்ணி குடிக்காம கெடந்தேன். எம் புள்ளையோட கையெழுத்தே பொய்யாப் போச்சு. உன் வாய நம்பச் சொல்றியா?"

மேஜரின் கடிதத்தை நீட்டினேன். கையில் கிரீஸ் என்று வாங்கவில்லை. "பயப்படாத, திட்டமாட்டேன். டீ குடிச்சிட்டுப் போ. போயி அவனை ஒரு நடை வரச் சொல்லு, போதும்" என்றார்.

இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா" என்றேன். அதைவிடக் கோழைத்தனமாக நான் எதுவும் சொன்னதில்லை.

தங்கை பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தாள். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள்.

"அம்மா நம்புற மாதிரி சொல்லிட்டுப் போங்க சார்."

"என்னால முடியலம்மா."

"அப்போ நான் சொல்லணுமா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.