நானூறு ஏக்கரில் ஆட்கள் இல்லை

முதலீட்டு ஊக்குவிப்புத் துறையின் புதிய கையேடு அச்சாகி வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அதைத் தட்டச்சு செய்தவரின் அக்கா தன் கணவர், மகள், ஓட்டு வீடு சகிதம் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். துறையில் யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளை வரவழைக்க அந்தக் கையேடுகளில் என்ன அச்சாகிறதோ அது நடந்துவிடுவது வழக்கம்தான். 'தடையற்ற தண்ணீர்' என்று போட்ட வருடம் ஓர் ஆறு மூன்று கிலோமீட்டர் நகர்ந்து வந்து படுத்துக்கொண்டது. 'துறைமுகம் அரை மணி நேரத்தில்' என்று போட்டபோது சாலை சுருங்கி, வழியிலிருந்த டீக்கடை பக்கத்து மருந்துக்கடையின் மாடியில் ஏறி நின்றது. மருந்துக்கடைக்காரர் வாடகை கேட்டார்.

தவறு தட்டச்சருடையதுதான். பழைய கையேட்டைப் பார்த்து அடித்து, ஏக்கர் கணக்கை மட்டும் மாற்றுவது துறையின் பழக்கம். 'நிலத்தில் ஆட்கள் இல்லை' என்ற வரியையும் அப்படியே அடித்துவிட்டார். இந்த முறை கம்பெனிக்கு ஒதுக்கிய நானூறு ஏக்கரின் கிழக்கு ஓரத்தில் அக்கா வீடு இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? வாரம் தவறாமல் அங்கேதான் மூக்கு முட்டச் சாப்பிடுவார்.

குரல்கள் மட்டும் மிஞ்சின. அக்கா மகள் “உள்ளேன் டீச்சர்” என்றதும் டீச்சர் பெஞ்சைத் தடவிப் பார்த்துப் பதிவு செய்தார். ஆனால் வெள்ளிக்கிழமை நிலத்தைச் சமன்செய்யப் புல்டோசர்கள் வரவிருந்தன. ஓட்டுநர்களின் கண்ணில் வெறும் புல்தான் படும்.

“டேய், ஒரு வரி படிச்சுப் பாத்து அடிக்கக் கூடாதா?” என்றது அக்காவின் குரல்.

“பழசப் பாத்து அடிச்சேன்க்கா.”

“பழசுல நாங்க எப்படிடா இருப்போம்?”

தட்டச்சர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

துறை இயக்குநர் கையை விரித்தார். “பத்து வருஷத்துக்கு எதையும் மாத்த மாட்டோம்னு அதுலயே போட்டிருக்கோம்பா. சலுகை வேணா கூட்டலாம்.” அதுவும் பலித்திருந்தது, 'ஆட்கள் இல்லை' என்ற வரியின்மேல் பூசிய வெள்ளை மை உதிர்ந்து விழுந்தது. ஆகவே வியாழன் மாலை, வரி விலக்குக்கும் மலிவு மின்சாரத்துக்கும் கீழே தட்டச்சர் ஒரு சலுகையைச் சேர்த்தார்: 'பெண்மணி ஒருவர், கணவர், மகள், ஓட்டு வீடு. பத்தாண்டுகளுக்குக் கம்பெனிக்கு இலவசம்.' கொடியில் காயும் துணிகளோடு வீடு திரும்பி வந்தது. கம்பெனி தன் மதிலை அதைச் சுற்றி வளைத்துக் கட்டியது. சலுகை குறையாமல் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு மேலாளர் வந்து மூன்று பேரையும் எண்ணிப் பார்ப்பார். அக்கா நாற்காலி போடுவாள்.

பத்து வருடம் ஓடியது. சலுகைகள் முடியும் மாதத்தில் கம்பெனி, எல்லாக் கம்பெனிகளையும் போல, வேறு நாட்டைப் பார்த்துக் கிளம்பியது. சலுகைகளின் கடைசி நாள் காலை தட்டச்சர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா சவரம் செய்து சட்டை மாற்றியிருந்தார். பத்தரை ஆனது. மலிவு மின்சாரம் நின்றது. அக்கா அப்படியே இருந்தாள். கையேடே காலாவதியானபோது 'ஆட்கள் இல்லை' என்ற வரியும் சேர்ந்து காலாவதியாகும் என்று பத்து வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கைய விடுடா, வேலை கெடக்கு” என்றாள் அக்கா.

தட்டச்சர் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.