நாற்பத்தெட்டு வெள்ளைத் தாள்கள்

ராகவேந்திரன் படம் வரைவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுவார். கிடர்பூர் துறைமுகத்தின் வரைபட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். வெள்ளைத் தாளை மேசையில் விரித்ததும் வலது கீழ் மூலையில் பெயரை எழுதிவிட்டுத்தான் முதல் கோடு போடுவது என்று அங்கே பழகிப்போயிருந்தது. ஓய்வு பெற்றபின் கிரேன்களையும் மூட்டை சுமப்பவர்களையும் கறுப்பு மசியில் வரைந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. புதிதாகத் தாள் கட்டு வாங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்.

பாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். அப்பாவைவிட மூத்தவர் என்பதால் வங்காளிப் பிள்ளைகளைப் போல நானும் அவரை ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்றே கூப்பிடுவேன்.

1999 ஜனவரியில், தன்னிடம் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு பட்டியல் வேண்டும் என்றார். அப்போது நான் மாலைக் கல்லூரியில் சட்டம் முதல் வருடம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினேன். வரிசை எண், நீளம், அகலம், கையெழுத்து உண்டா இல்லையா. நான்கு கட்டங்கள். ஒவ்வொரு தாளையும் அளவுகோல் வைத்து அளந்தேன்.

"வெள்ளைத் தாளையும் எழுதணுமா ஜேட்டு?"

"எழுது, எழுது. நாளைக்கு அதுவும் படம்தானே."

எழுதினேன். படங்கள் அறுபத்து நான்கு, வெள்ளைத் தாள்கள் நாற்பத்தெட்டு, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எது படம், எது வெறும் தாள் என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. தலைப்பில் "ராகவேந்திரனின் படங்கள்" என்றும் அடியில் "சரிபார்த்தேன், அமலா" என்றும் டைப் அடித்தேன். அழகாக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. புத்தி போகவில்லை. அதைப் பலர் கவனிக்கவே இல்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து அவருடைய தங்கை மகன் நரேன் வந்து சேர்ந்தான். ஆயாவை வைத்தான், மருந்து வாங்கினான், ஒரு வக்கீலை வைத்துப் பத்திரமும் எழுதினான். பட்டியலில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பாதுகாக்கவும் விற்கவும் அவனுக்கு உரிமை. பத்திரத்தில் ஜேட்டுவின் இடது பெருவிரல் ரேகை. பின்னிணைப்பாக என் பட்டியல். அவன் கேட்டபோது பிரதி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

2001 நவம்பரில் ஜெயந்த் என்பவரின் ஓவியக்கூடத்தில் கண்காட்சி. "இதுவரை காட்டாத இருபது படங்கள்" என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஜேட்டுவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, சால்வை போர்த்தி, ரஜனிகந்தாப் பூமாலை போட்டிருந்தார்கள். புகைப்படக்காரர் வந்ததும் நரேன் அவருடைய இடது கையைத் தூக்கி ஒரு படத்தைச் சுட்டிக்காட்டுவதுபோலப் பிடித்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தூக்கிப் பிடித்தான்.

அந்த இருபதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. முதலில் என் மீதே சந்தேகம் வந்தது. மறந்திருப்பேனோ? மறுபடி ஒரு சுற்று நடந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஜேட்டுவின் படங்களில் ஆற்று நீர் அவர் பெயரின் மேலேயே ஓடும். கயிறும் நிழலும் எழுத்துகளில் ஏறிப்போகும். இந்த இருபதிலும் கோடுகள் கையெழுத்துக்கு ஒரு விரல் தள்ளியே நின்றிருந்தன. பெயர் கெட்டுப்போனால் மதிப்புப் போய்விடும் என்று எவனோ பயந்து பயந்து வரைந்திருக்கிறான்.

நரேனைத் தூண் பக்கம் அழைத்துப் போனேன். வங்காளி வழக்கப்படி அண்ணன் முறைக்கு 'தா' சேர்த்துத்தான் அவனைக் கூப்பிடுவேன்.

"நரேன்தா, இதையெல்லாம் ஜேட்டு வரையல."

"மெதுவாப் பேசு. யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீயா? நூத்திப் பன்னிரண்டு படம்னு டைப் அடிச்சு, சரிபார்த்தேன்னு பேர் போட்டது யாரு? நான் ஒண்ணுகூடக் கூட்டலையே!"

"அதுல நாப்பத்தெட்டு வெறும் தாள்."

"எங்கே எழுதியிருக்கு? காட்டு பார்ப்போம்." சிரித்தான். "பாவம், ஈவினிங் கிளாஸ்ல பாதிப் பாடம்தான் நடத்துவா போலிருக்கு."

அறையின் அந்தக் கோடியிலிருந்து ஜேட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையின் ஈரத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. யாரும் மாலையைக் கழற்றவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை கீழே போனேன். நரேன் வீட்டில் இல்லை. அலமாரியைத் திறந்து எண்ணினேன். கையெழுத்து மட்டும் உள்ள தாள்கள் இருபத்தெட்டு மிச்சம் இருந்தன. அவற்றை ஜேட்டுவின் முன்னால் மேசையில் வைத்தேன். என்ன செய்வது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கை சரியானால் வரையலாம் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தால்?

"ஜேட்டு, நேத்து மாட்டியிருந்ததெல்லாம் உங்க தாள். படம் உங்களோடது இல்ல. என் பட்டியலை வச்சுத்தான் பண்றான். இதையும் எடுத்துண்டு போவான்."

மடியில் கிடந்த வலது கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் முதல் தாளின் மூலையைப் பிடித்து இழுத்தார். தாள் முழுவதும் நகர்ந்தது, கிழியவில்லை. நான் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். பெயர் இருந்த மூலை மட்டும் தனியாக வந்தது.

ஏழாவது தாளில் இருந்தபோது நரேன் உள்ளே வந்தான். பின்னால் ஜெயந்த்.

"ஐயோ, என்ன பண்றே! ஒவ்வொண்ணும் என்ன விலை போகும் தெரியுமா?"

"வெள்ளைத் தாளா?" என்றேன்.

ஜெயந்த் மேசையைப் பார்த்தார், கிழிந்த மூலைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஆமி கிச்சு தேகினி," என்றார். அவர் எதையும் பார்க்கவில்லையாம். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நேற்று மேடையில் ஜேட்டுவின் காலைத் தொட்டுக் கும்பிட்ட மனிதர்.

நரேன் மிச்சத் தாள்களை எடுக்கப் பாய்ந்தான். ஜேட்டுவின் இடது கை அவற்றின் மேல் விழுந்தது.

"விடுங்கோ மாமா. உங்க ஆயாவுக்கும் மருந்துக்கும் பின்னே யார் தருவா? இவளா?"

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. வார்த்தை இல்லை. கோபம் என்பது மட்டும் எவருக்கும் புரியும். நரேன் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"வக்கீலாகப் போறவ நீ. உன் லிஸ்ட் தப்புன்னு நீயே கோர்ட்ல சொல்லுவியா? அப்புறம் எவன் உன்னை நம்பிக் கேஸ் குடுப்பான்?"

ராத்திரியெல்லாம் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புன்னு லெட்டர் எழுதிட்டேன். நாளைக்குப் பத்திரம் எழுதின வக்கீல்கிட்ட ஒண்ணு, ஜெயந்த்கிட்ட ஒண்ணு, படம் வாங்கினவா பேர் தெரிஞ்சா அவாளுக்கும் ஒண்ணு."

"எல்லாரும் சிரிப்பா."

"சிரிக்கட்டும்."

சுவரில் தொங்கும் இருபதும் என் ஒரு கடிதத்தால் இறங்கிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஜேட்டு மேசையை விரலால் தட்டினார். எட்டாவது தாளை அவர் பக்கம் நகர்த்தி அழுத்திப் பிடித்தேன்.