விடைத்தாளில் இல்லாத பழுது

பீளமேட்டில் ஒரு லாரி டீலர் நடத்திவந்த பயிற்சி மையத்தில் லின்சி ஆறு வருடமாக மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுத்தாள். புது லாரிகளின் புகைக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய பாடம். கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி எப்போது அடைத்துக்கொள்ளும், யூரியாக் கரைசல் எங்கே தெளிக்கப்பட்டு நச்சுப் புகையை முறிக்கிறது, அந்தப் புகையை மோப்பம் பிடிக்கிற சென்சார் எப்போது பிழையாகச் சொல்லும் என்பதையெல்லாம் ஸ்பேனர் பிடித்தே காய்ப்பேறிய கைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். முதல் நாள், இந்தப் பொண்ணா நமக்குச் சொல்லிக் குடுக்கப்போகுது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் அவள் லாரிக்கு அடியில் முதுகைக் கொடுத்துப் படுத்து, சென்சாரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வரும்போது அந்த முகம் மாறிவிடும்.

அங்கப்பன் மட்டும் முதல் நாளே நோட்டை விரித்துவைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அதே டீலரின் பல்லடம் கிளையில் பத்தொன்பது வருட மெக்கானிக். வயது நாற்பத்தேழு. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் படுத்துவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் வண்டியின் பழுதைக் காட்டும் ஸ்கேனர் திரையில் ஓடும் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை. போன வருடம் தேர்வில் தோற்றுப்போனார். இது இரண்டாம் தடவை. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. சான்றிதழ் இல்லாதவர்கள் புது லாரிகளைத் தொடக்கூடாது, வண்டி கழுவும் பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

லின்சி அவருக்காகத் தனியாக மெனக்கெட்டாள். திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் எழுதி, பக்கத்தில் தமிழில் அதன் அர்த்தத்தை எழுதிக்கொடுத்தாள். அவர் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கவில்லை. ஆளின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதுபோல அந்தச் சொற்களின் உருவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டார்.

"ஸ்கேனர் சொல்றத அப்படியே நம்பாதீங்கண்ணா," என்று அவள் ஓயாமல் சொல்லுவாள். "அது சென்சார் சொல்றதத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அது வண்டிக்குப் பொருந்துதான்னு நீங்கதான் பாக்கோணும்."

பாடத்தில் ஒருநாள் முழுக்க ஏமாற்று வேலைக்கென்றே ஒதுக்கியிருந்தாள். யூரியா ஊற்றும் செலவும் வடிகட்டி அடைக்கும் தொல்லையும் வேண்டாமென்று சில முதலாளிகள் வடிகட்டியின் உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிடுவார்கள். பிறகு தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை ஒயரில் கோர்த்துவிட்டால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அது இன்ஜினின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். லாரி வெளியே விடுவது சுத்த விஷம். திரையிலோ பழுதின் சுவடே இருக்காது. பைபாஸ் என்று தொழிலில் அதற்குப் பெயர். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளை அவளே அலைந்து திரிந்து சேகரித்திருந்தாள். அந்தப் பாடத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

செய்முறைத் தேர்வுக்குப் பல்லடத்திலிருந்து ஒரு லாரி வந்தது. பெரிய கோழிப்பண்ணை ஒன்றின் தீவன வண்டி. இழுவை குறைவு என்பது புகார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தேர்வுக்காகவே தளர்த்திவைத்திருந்தார்கள். அதுதான் விடைத்தாளில் இருந்த பழுது. ஒருவருக்கு நாற்பது நிமிடம். முதலில் போன ஐந்து பேரில் நான்கு பேர் அதைப் பிடித்துவிட்டார்கள்.

ஆறாவதாக அங்கப்பன் வந்தார். பேனட்டைத் திறக்காமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார். இன்ஜினைக் கிளப்பினார். ஆக்சிலேட்டரை மிதித்தார். நிறுத்தினார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு காற்றுக் குழாய் இருக்கும் பக்கமே போகாமல் வண்டியின் அடியில் நுழைந்தார். தள்ளி நின்று பார்த்த லின்சிக்கு, அந்தப் பக்கம் இல்லீங்கண்ணா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தேர்வு அதிகாரியாக இருந்துகொண்டு சொல்ல முடியாது. இருபது நிமிடம் போயிற்று. முப்பது போயிற்று. இந்த மனுஷன் கடைசி வாய்ப்பையும் கோட்டை விடுகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

முப்பத்தைந்தாவது நிமிடம் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், இங்க கொஞ்சம் வாங்க. இன்ஜின் ஓடாம நிக்கறப்பவே சென்சாரு நூத்தியெம்பதுன்னு காட்டுதுங்க. ஓடறப்பவும் நூத்தியெம்பது. மிதிச்சாலும் அதேதான். பொகையே இல்லாதப்ப எதைங்க மோந்து பாக்குது?"

லின்சி திரையைப் பார்த்தாள். யூரியாத் தொட்டியில் முக்கால்வாசி இருப்பதாகக் காட்டியது. அங்கப்பன் தொட்டியின் மூடியைத் திருகி டார்ச் அடித்தார். அடிவரை வறண்டு, ஓரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வடிகட்டியின் மேல் ஸ்பேனரால் தட்டினார். காலிப் பானையைத் தட்டிய சத்தம்.

"வெளிய பாத்தா ஆடு மாதிரித்தான் இருக்குதுங்க. வவுத்துக்குள்ள கொடலே இல்லீங்க," என்றார்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கறுப்புப் பெட்டியை அவரே எடுத்துக்காட்டினார். ஒயர்களை முறுக்கி நீல உறை போட்டு நறுவிசாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"இது எங்க பிராஞ்சு வேலைங்க மேடம். எங்க போர்மேன்தான் இப்பிடி முறுக்குவாரு. பத்தொம்பது வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?" பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "எழுதட்டுங்களா, வேண்டாமுங்களா? நீங்க சொல்றபடி செஞ்சுபோடறேன்."

லின்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருடத்தில் இப்படி ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

"பாத்தத எழுதுங்கண்ணா. அதுக்குத்தானே படிச்சீங்க."

அவர் குந்தி உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தில் ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மணி அடித்தது. கிளாம்ப் தளர்ந்தபடியே இருந்தது.

மறுநாள் காலையில் மையத்தின் தலைவர் சீனிவாசலு அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஒருபோதும் குரல் உயர்த்தாத மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எதையும் பேசுவார். மேஜையில் அங்கப்பன் எழுதிய தாள் இருந்தது.

"ஏனுங்க லின்சி, இவரு அந்தக் கிளாம்ப கண்டுபுடிச்சாருங்களா?"

"இல்லீங்க சார். ஆனா அத விடப் பெரிய—"

"கேள்வி அதுதானுங்களே. விடைத்தாள்ல இருக்கறதுக்குத்தானுங்க மார்க்கு. இல்லாததுக்கு எப்பிடிப் போடறது?"

"சார், அந்த வண்டி மொத்தமும் பொய்யா ஓடுது. நம்ம ஒர்க்ஷாப்லயே செஞ்சிருக்காங்க. அவரு எழுதினதுதான் சரி."

"சரிதானுங்க. நான் தப்புன்னு சொல்லலியே." அவர் காப்பியை ஆற்றினார். "அந்தப் பண்ணைக்காரருகிட்ட எம்பது வண்டி ஓடுது. எம்பதும் நம்மகிட்ட எடுத்ததுங்க. இவர பாஸ் பண்ணினா, பாஸானவங்க பேப்பரோட இதும் பைல்ல ஏறிப்போயிரும். பைல் சென்னையில லாரிக் கம்பெனிக்குப் போகும். டீலர்ஷிப்பையே புடுங்கிப்போடுவாங்க. அப்புறம் இங்க பூட்டுப் போட்டுட்டு எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போகவேண்டியதுதான்."

பிறகு இன்னொரு கோப்பை அவள் பக்கமாகத் திருப்பிவைத்தார். ஐ.டி.ஐ. முடித்த பன்னிரண்டு பெண்களுக்கான தனிப் பயிற்சி வகுப்பு. மூன்று வருடமாக லின்சி நடையாய் நடந்து கேட்டது. மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் உடை மாற்ற இடமில்லாமல் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று மாற்றியவள் அவள். இன்னொருத்திக்கு அப்படி ஆகக்கூடாது என்று, தனி அறையிலிருந்து சின்ன அளவுக் கையுறைவரை பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தாள். கோப்பில் எல்லாம் இருந்தது. கடைசிக் கையெழுத்து மட்டும் இல்லை.

"அடுத்த மாசம் ஆரம்பிச்சுரலாமுங்க," என்றார் சீனிவாசலு. "மையம் இருந்தா."

அவர் மிரட்டவில்லை. அதனால்தான் அவளுக்குக் கத்தக்கூட வழியில்லாமல் போயிற்று. காப்பி ஆறி ஏடு படிந்தது. மதிப்பெண் தாளில் அங்கப்பன் பெயருக்கு நேராகப் பழுது கண்டறியப்படவில்லை என்று எழுதி லின்சி கையெழுத்துப் போட்டாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாடிப்படி இறங்கும்போதே அந்தச் சமாதானம் எடுபடாமல் போயிற்று.

முடிவு ஒட்டிய அன்று அங்கப்பன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். லின்சி கைப்பட எழுதிய பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு லின்சி நின்ற இடத்துக்கு வந்து, "சரிங்க மேடம், போயிட்டு வாரேனுங்க," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் மூன்று விதமாகத் தயாரித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

பெண்கள் வகுப்பு தொடங்கியது. பன்னிரண்டு பேரும் கெட்டிக்காரிகள். பைபாஸ் பாடம் மட்டும் அட்டவணையில் இல்லை. நேரம் போதாது என்று காரணம் எழுதியிருந்தது. காரமடையிலிருந்து வருகிற நித்யஸ்ரீ ஒருநாள் கையைத் தூக்கினாள்.

"மேடம், சென்சாரையே யாராச்சும் ஏமாத்திப்போட்டா நாம எப்பிடிங்க கண்டுபுடிக்கறது?"

"அது நம்ம சிலபஸ்ல இல்ல கண்ணு," என்றாள் லின்சி. சொன்ன பிறகு பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த வரியையே மறுபடி எழுதினாள்.

மூன்றாம் மாதம் பல்லடத்திலிருந்து வந்த ஒரு டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார். அங்கப்பன் இரண்டு வாரம் வண்டி கழுவியிருக்கிறார். பிறகு நின்றுவிட்டாராம். இப்போது தாராபுரம் ரோட்டில் சொந்தமாக மெக்கானிக் செட் போட்டிருக்கிறாராம். லின்சிக்கு மனதிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பல்லடம் பஸ் ஏறினாள். நேரில் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தகரக் கூரை போட்ட பெரிய செட். வாசலில் மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. அங்கப்பனின் மனைவி தெய்வாத்தாள்தான் முதலில் பார்த்து ஓடிவந்தாள்.

"வாங்கம்மணி, வாங்க! மேடம்தானுங்களே? ஊட்டுல உங்க பேச்சுத்தானுங்க எப்பவும். இங்கிலீசு எழுத்துத் தெரியாதவனுக்கு எழுத்த முகமாட்டக் காட்டிக் குடுத்தாங்கன்னு சொல்லாத நாளில்லீங்க." நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள்.

அங்கப்பன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அவருக்குப் பின்னால் சுவரோரம் வடிகட்டியின் உடைந்த உள்பாகங்கள், சாம்பல் நிறத் தேன்கூடுகள் மாதிரி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மேஜையில் சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள். லின்சி ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களாண்ணா?" என்றாள்.

"நாந்தானுங்க." அவர் குரலில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. "கண்டுபுடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒளிச்சு வெக்கத் தெரியாதுங்களா? எங்க போர்மேன் பண்ணுனது நிக்கறப்பவும் நூத்தியெம்பது காட்டுச்சு. என்ர வேலையில அப்பிடிக் காட்டாதுங்க. மிதிச்சா ஏறும், விட்டா எறங்கும். யூரியாவும் நாளுக்குக் கொஞ்சம் கொறையும். திருப்பூரு, தாராபுரம், அங்கிருந்தெல்லாம் தேடி வாராங்க. அந்தப் பண்ணை வண்டி எம்பதும் இப்ப நம்மகிட்டத்தானுங்க."

"அண்ணா, அன்னிக்கு மார்க் போட்டது நான். சார் சொன்னாரு, ஆனா கையெழுத்துப் போட்டது நாந்தான்."

"தெரியுமுங்க. நோட்டு நோட்டா எழுதிக் குடுத்தீங்களே, உங்க எழுத்து எனக்குத் தெரியாதுங்களா? பட்டியல் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு." அவர் ஒரு பெட்டியை எடுத்து ஒயரின் முனையைச் சீவத் தொடங்கினார். "பொண்ணுங்க வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்களாமா? பன்னெண்டு பேருன்னாங்க."

"ஆமாங்கண்ணா."

"நல்லாப் படிக்கறாங்களாங்க?"

"படிக்கறாங்க."

"நமக்கு ஒரு நாள் பூரா நடத்துனீங்களே, பைபாஸ் பாடம். அவிங்களுக்கு அத நடத்திப்போட்டீங்களா?"

லின்சி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப எனக்குத் தொந்தரவில்லீங்க," என்றார் அங்கப்பன். குத்திக் காட்டுகிற மாதிரிக்கூடச் சொல்லவில்லை. மழை வராது என்று தெரிந்ததும் துணி காயப்போடுகிறவர் சொல்வதுபோலச் சொன்னார்.

தெய்வாத்தாள் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினாள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறாளாம். லின்சி டம்ளரைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஏதோ முணுமுணுத்தாள். திட்டு வாங்கத்தான் அவள் வந்திருந்தாள். இங்கே அவளுக்கு நாற்காலி துடைத்துப் போட்டிருந்தார்கள்.

அங்கப்பன் லாரியில் ஏறிச் சாவியைப் போட்டார். கிளப்பும் முன் கதவு வழியே தலையை நீட்டினார்.

"மேடம், கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க. பொகை மூஞ்சில அடிக்கும். ஒடம்புக்கு ஆகாதுங்க."

லின்சி தள்ளி நின்றாள்.