அவசரத்துக்கு இந்த எண்

கணக்கு டீச்சர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அவர் வீடு நான்காம் மாடியில். பக்கத்திலேயே லிப்ட் திறந்து கிடந்தது. நான்தான் உள்ளே நின்று கதவு உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஏறுங்கள் டீச்சர், நன்றாக ஓடுகிறது என்றேன். “இல்லம்மா, நடந்தே போறேன்” என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

முப்பத்தெட்டு லிப்ட் என் பொறுப்பு. எல்லாவற்றிலும் பொத்தான்களுக்கு மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் என் நம்பர். கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவருக்கு அதுதான் கதி. அதே நம்பரைத்தான் நிலம் விற்கிறவன், கடன் தருகிறவன், வழுக்கையில் முடி முளைக்க வைக்கிறவன் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நாளுக்கு அறுபது, எழுபது மெசேஜ். அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பம் வேறு. யாருக்கடா நான் வாடிக்கை?

ஆனால் என் தொழிலில் பதில் போடாமல் இருந்து பழக்கமில்லை. மாட்டிக்கொண்ட பதற்றத்தில் பேச வராமல் மெசேஜ் அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்த ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து ‘வேண்டாம், நன்றி’ என்று போட்டேன். போடப் போடக் கூடிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனை வாங்கினார். எதையோ அழுத்தி, தெரியாத நம்பர் எதற்கும் சத்தமே வராதபடி செய்து கொடுத்தார். அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் கரண்ட் போய் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்ற லிப்டில், விளக்கும் காற்றும் இல்லாமல், பதினோரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வாட்ச்மேன் வீடு தேடி ஓடிவந்து சொல்லி, நான் போய்க் கதவைத் திறக்க ஐம்பது நிமிஷம். டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். “கூப்பிட்டேனேம்மா.” அவ்வளவுதான் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினோரு அழைப்புக்கு நடுவில் நிலம் விற்கிறவனின் மெசேஜ் நாலு.

நம்பரை மாற்றித் தொலை என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எவனோ வந்து வாசல்ல படுத்துக்கிட்டா நான் வீட்டைக் காலி பண்ணணுமா? பதினாறு வருஷமா இது என் நம்பர்.” சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்து முழுசாக ஏற்றி வைத்தேன்.

டீச்சர் படியேறுவதைப் பார்த்த அன்றைக்கே கிளம்பிவிட்டேன். மெசேஜ் அனுப்புகிறவர்களில் முகவரி போட்டவன் நிலக்காரன் ஒருத்தன்தான். எண்ணெய்க் கையும் கருவிப் பையுமாகப் போய் நின்றேன். கண்ணாடிக் கதவு, எலும்பு வரை ஏறும் ஏசி, மேஜைமேல் பிளாஸ்டிக் மரம் நட்ட குட்டி வீடுகள். மேனேஜர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தேடினார்.

“மேடம், நீங்க நூத்திப் பதினாலு பதில் போட்டிருக்கீங்களே.”

“வேண்டாம்னுதானே போட்டேன்?”

“என்ன போட்டாலும் பதில் பதில்தான் மேடம். பதில் போடுறவங்க தனி லிஸ்ட். ஆர்வமுள்ளவங்க.”

நூற்றிப் பதினாலு தடவை வேண்டாம் என்றால் ஆர்வமாம். என் மரியாதையை எடுத்து எனக்கே தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். டீச்சர் இருட்டில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். ‘த்சொ’ கொட்டினார், இரண்டு பொத்தானைத் தட்டினார், லிஸ்டிலிருந்து எடுத்தாயிற்று என்றார். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

என் போன் அலறியது. அறையே திரும்பிப் பார்த்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

“வணக்கம் மேடம், சொந்த நிலம் வாங்குற உங்க கனவு...”

அந்தக் குரல் என் காதிலும் கேட்டது, பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் போனை வைக்கவில்லை. “உங்க ஆபீஸ்லதாம்மா நிக்கிறேன். எழுந்து பாரு.”

தடுப்புக்கு மேலே ஒரு தலை எழுந்தது. காதில் ஹெட்போன், என் மகள் வயசு, கண்ணில் பயம். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விடுகிற உத்தேசமும் இல்லை.

“மாட்டிக்கிட்டவங்க கூப்பிடுற நம்பரும்மா இது” என்று போனிலேயே சொன்னேன். “உங்க தொல்லை தாங்காம ஊமையாக்கி வச்சேன். ஒரு அம்மா அம்பது நிமிஷம் இருட்டுல கிடந்தாங்க. இப்போ லிப்ட்ல கால் வைக்கவே பயப்படுறாங்க.”

பையைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் மரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை என் கண் முன்னால் எடுக்கட்டும், இல்லையென்றால் நான் எழுந்திருக்கப்போவதில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் அவளிடம் கையைக் காட்டி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் ஜாடை செய்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள்.

“நம்பர் சொல்லுங்கக்கா.”

தடுப்புக்கு மேலே இன்னொரு தலை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் எல்லாருக்கும் கேட்கும்படி முதல் இலக்கத்தைச் சொன்னேன்.