இருக்கிறாள் என்று மட்டும்

அத்தானின் மூக்குக்கண்ணாடியில் அந்த மாதமும் திருகாணி கழன்றுவிட்டது. தானாகக் கழன்றதா, கடைக்கு வர ஒரு சாக்கு வேண்டுமென்று அவரே கழற்றினாரா என்று சின்னு கேட்கவில்லை. அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் ஈ ஓட்டும் மதிய நேரம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் சின்ன ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்தாள்.

அக்கா சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே இருக்கிறாள் என்பது தங்கை சின்னு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அவர் அடிச்சதில்ல, திட்டினதில்ல. ஆனா இத்தனை வருஷத்துல உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல" என்று அக்கா சொல்லியிருந்தாள். "அவர் வந்து நின்னா நான் அவர்கூடவே கிளம்பிப் போயிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதே."

சின்னுவும் சரியென்று தலையாட்டியிருந்தாள்.

ஆனால் அம்மா இறந்த பிறகு சின்னு வளர்ந்தது அத்தான் வீட்டில். அவளுக்கு டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அவளுக்கு அலுத்துப்போயிற்று. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை.

"எங்கேன்னு நான் கேக்கல சின்னு" என்றார் அத்தான். "உயிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லு."

அவள் குனிந்து திருகிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஆத்துல ஒரு பொம்பளையோட பொணம் ஒதுங்கிச்சுன்னாங்க. போய்ப் பாத்தேன். அவ இல்ல." கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தவர்போலச் சொன்னார். "முன்னாடியும் ஒரு தடவை போயிருக்கேன்."

திருகாணி அவள் விரலிலிருந்து நழுவியது. மேசைக்கு அடியில் தேடினாள். கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "இருக்கா அத்தான். நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ இத்தனை நாளும் உனக்குத் தெரியும்."

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் அவளே அக்காவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அத்தான் பிணம் பார்க்கப் போனதையும் சொன்னாள்.

"இதெல்லாம் என் காதுக்கு வரக்கூடாதுன்னுதானே உங்கிட்ட அப்படிச் சொன்னேன்" என்றாள் அக்கா. பிறகு அழுதாள்.

அடுத்த வாரமே அக்கா வீடு திரும்பினாள். அத்தான் வாசல்வரை வந்து பையை வாங்கிக்கொண்டாராம். "நல்ல காரியம் பண்ணினே" என்று சின்னுவின் கணவன் மெச்சினான்.

சின்னு பார்க்கப் போனபோது அத்தான் சிரித்த முகமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மேல கோபமாக்கா?"

"இல்லடி. நான் உன் இடத்துல இருந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்." அக்கா குழாயை மூடினாள். "ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அத்தான் நாளைக்கே வந்து அதே கேள்வியைக் கேட்டாலும் தன் வாயில் அதே பதில்தான் வரும் என்று சின்னுவுக்குத் தெரிந்தது. அதை நினைத்து நிம்மதிப்பட முடியவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனதுகூடத் தெரியாமல் தூங்கிப்போனாள்.