கவசம் துலக்கியவன்

எங்கள் மேனேஜர் ஹாலந்துக்காரர். சவூதியில் தம்மாம் துறைமுக வேலைக்கு வந்தபோது ஊரிலிருந்து துணியில் தீட்டிய ஒரு படத்தையும் சுமந்து வந்திருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய படைத் தளபதியாம், அவருடைய வம்சமாம். கையில் கோல், உடம்பில் இரும்புக் கவசம், எங்களைக் கண்டாலே பிடிக்காத முகம். கவசம் மட்டும் அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி கறுத்திருந்தது.

ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். எழுபத்தேழில் ஒரு வியாழக்கிழமை அவனுக்குத் தந்தி வந்தது. நிறைமாதமாக இருந்த அவன் பெண்டாட்டி பூவாயி சீரியஸ், உடனே புறப்படு. டைப்பிஸ்டான நான்தான் லீவு லெட்டர் அடித்துக் கொடுத்தேன். சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலிடம் பாஸ்போர்ட்டும் வாங்கித் தருவதாக மேனேஜர் சொன்னார்.

"தொரைக்குப் பதிலுக்கு நாம என்ன சார் செய்யிறது?" என்றான் கார்மேகம்.

"அந்தப் படம்னா அவருக்கு உசிரு. தூசி தட்டி வை, போதும்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

கார்மேகத்தின் குடும்பம் ஊரில் அம்மன் கவசம் துலக்குகிற குடும்பம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு, சாவி அவனிடம். கேம்ப் மெஸ்ஸில் புளி வாங்கி வந்து, படத்தில் இருந்த கவசத்தைத் தேய்த்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை நான் போனபோது தளபதியின் முகம் அப்படியே இருந்தது. நெஞ்சு இருந்த இடத்தில் வெறும் துணி. கார்மேகம் கீழே உட்கார்ந்திருந்தான்.

"மொதல்ல பளபளன்னு வந்துச்சு சார். இன்னுங் கொஞ்சம் தேச்சேன். காணாமப் போச்சு."

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபம் அதோடு போயிருக்கும். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். விசாரணை முடியும்வரை இவனை ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று கஃபீலுக்கு ஒரு லெட்டர். நான் தந்தியை எடுத்து நீட்டினேன். ஏற்கெனவே படித்தாயிற்று என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. என் பாஸ்போர்ட்டும் அதே கஃபீலிடம்தான் இருந்தது. கோழைதான் நான். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. இங்கிலீஷ் தெரியாததால் கார்மேகம் பிரிக்காமலே என்னிடம் கொடுத்தான். பூவாயி இல்லை, பிள்ளையும் இல்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

தந்தியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "அந்த லீவு லெட்டரக் கிழிச்சுருங்க சார்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனான்.